காய் ஆதாயம்: சதுரங்க உத்திப் புதிர்களைத் தீர்க்கும் முறை

சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவைத் தப்ப வழியின்றி முடக்கினால்தான் வெற்றி என்று விதி சொன்னாலும், பெரும்பாலான ஆட்டங்களின் போக்கு அதற்கு வெகு முன்னரே, ஒரு தரப்பு ஒரு குதிரையையோ யானையையோ ஈடில்லாமல் பறிகொடுக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு காய் குறைந்தவர் அந்தக் கணமே தோற்பதில்லை. ஆனால் மிகுதியாகக் காய் வைத்திருப்பவர் எஞ்சியவற்றை ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போனால், பலகை காலியாகக் காலியாக அந்த ஒற்றைக் காயின் பலம் பெருகி, கடைசியில் ஒரு சிப்பாயை எட்டாம் வரிசைக்குக் கொண்டுசென்று ராணியாக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். இதனால்தான் ராஜாவை முடக்கும் புதிர்களோடு, காயை ஈடின்றி வெல்லும் புதிர்களும் பயிற்சியில் இடம்பெறுகின்றன. ஒரு நிலையைப் படமாகத் தந்து, ‘வெள்ளை ஆடிக் காய் ஆதாயம் பெறுக’ என்று கேட்கும் இவ்வகைப் புதிர்களே இவ்வுரையின் பொருள்.

காய் ஆதாயம் என்பதை அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் தலைக்கு 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று உலகெங்கும் வழங்கும் மதிப்பெண்கள் அந்த அளவுகோலாகப் பயன்படுகின்றன. மூலைவிட்டமாகச் செல்லும் காய் இவ்வுரையில் மந்திரி என்றும், நேர்க்கோட்டில் செல்லும் மூலைக்காய் யானை என்றும் குறிக்கப்படுகின்றன. இந்த எண்கள் விதிநூலில் உள்ளவை அல்ல, ஆட்ட அனுபவத்திலிருந்து திரண்டவை. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் லாரி காஃப்மன் ஏராளமான ஆட்டங்களை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், இரு மந்திரிகளும் ஒருசேர உயிரோடிருப்பது ஏறத்தாழ அரைச் சிப்பாய்க்குச் சமமான கூடுதல் பலம் என்று காட்டியது போல, நிலைக்கேற்ப இக்கணக்கு சற்று ஏறும், இறங்கும். எனினும் புதிர் தீர்ப்பவருக்குத் தொடக்கக் கணக்காக இந்த எண்களே போதும்.

இத்தகைய புதிர்கள் மிகப் பழமையானவை. சதுரங்கத்தின் அரபு வடிவமான ஷத்ரஞ்ச், ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் பாக்தாதில் கலீபாக்களின் அவையில் செழித்திருந்தபோது, அல் அத்லி, அஸ் ஸூலி ஆகிய வல்லுநர்கள் ‘மன்சூபா’ என்னும் அமைப்புநிலைப் புதிர்களைத் தொகுத்தனர். அந்த ஆட்டத்தில் ஒரு விதி இங்குக் கவனிக்கத்தக்கது: எதிராளியின் காய்கள் அனைத்தையும் வெட்டி அவருடைய ராஜாவைத் தனியாக நிறுத்திவிட்டால், அடுத்த நகர்விலேயே அவரும் அதேபோல் செய்ய முடியாத வரையில், அதுவே வெற்றியாகக் கொள்ளப்பட்டது. இன்றைய ராணியும் மந்திரியும் அன்று மிகக் குறுகிய நடை கொண்ட பலவீனமான காய்களாக இருந்தமையால் ராஜாவை முடக்குவது கடினமாக இருந்தது. காயைக் குவிப்பதே வெற்றிக்கு நேர்வழியாக அமைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் ராணிக்கும் மந்திரிக்கும் நீண்ட நடை கிடைத்த பிறகுதான், இரண்டு மூன்று நகர்வுகளுக்குள் ஒரு காயைத் தட்டிப் பறிக்கும் இன்றைய உத்திகள் பெருகின.

உத்திகளின் பெயர்கள் பல; அவற்றின் உள்ளமைப்போ சிலவே. ஒரே காய் ஒரே நகர்வில் இரண்டு இலக்குகளைத் தாக்குவது ஃபோர்க். தாக்கப்படும் காய் விலகினால் அதன் பின்னால் நிற்கும் பெரிய காயோ ராஜாவோ தாக்குதலுக்கு உள்ளாகும் என்பதால் அது அசைய முடியாமல் நிற்பது பின். அதே கோட்டில் பெரிய காய் முன்னாலும் சிறிய காய் பின்னாலும் நின்று, பெரியது விலகியதும் சிறியது பறிபோவது ஸ்கூவர். முன்னால் மறைத்து நிற்கும் காய் விலகும்போது பின்னால் உள்ள காயின் தாக்குதல் திறந்துகொள்வது மறைவுத் தாக்குதல். இவற்றோடு, காவல் நிற்கும் காயையே வெட்டிவிடுதல், ஒரே காய் இரண்டு இடங்களைக் காக்கும்போது அதை ஓரிடத்துக்கு இழுத்து மற்றதைப் பறித்தல் ஆகிய இரண்டையும் சேர்த்தால், காய் ஆதாயப் புதிர்களில் மிகப்பெரும்பாலானவை இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். பெயர்களை மனப்பாடம் செய்வதால் மட்டும் புதிர் விடுபடாது. எல்லா உத்திகளுக்கும் பொதுவாக அடியில் ஓடும் இரண்டு நிலைமைகளைக் கண்டுகொள்வதே தேவை. ஒன்று, எங்கோ ஒரு காய் காவலின்றியோ போதிய காவலின்றியோ நிற்கிறது. மற்றொன்று, எதிராளியைக் கட்டாயப்படுத்தும் ஒரு நகர்வு, அதாவது செக்கோ, வெட்டோ, பெரிய காய் மீதான மிரட்டலோ, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் காய் விழுகிறது. காவலற்ற காய்கள் உதிர்ந்துவிடும் என்பதை ஆங்கிலேய கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் ஒரு சுருக்க எச்சரிக்கையாகவே தம் வாசகர்களுக்குத் தந்தார்; ஆட்டக்காரர்களிடையே இன்றும் அது வாய்ச்சொல்லாக வழங்குகிறது.

புதிர் எவ்வாறு சிந்திக்கப்பட வேண்டும் என்பதைக் காட்ட உலக வாகையர் போட்டியொன்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1966-இல் மாஸ்கோவில் நடந்த போட்டியில் வாகையர் டிக்ரான் பெட்ரோசியன், தம்மை எதிர்த்த போரிஸ் ஸ்பாஸ்கியைப் பத்தாம் ஆட்டத்தில் வீழ்த்திய நிலை அது. கறுப்பு ராஜா ஜி-8 கட்டத்தில் இருக்கிறது. அதன் மூலைவிட்டத்துப் பக்கக் கட்டமான எஃப்-7-இல் கறுப்பு யானையும், ஜி-5-இல் கறுப்பு ராணியும் நிற்கின்றன. கறுப்புக் குதிரையொன்று பலகையின் மறுகோடியில், ஏ-5-இல், ஆட்டத்தில் கலக்காமல் ஒதுங்கியிருக்கிறது. வெள்ளைக்கு டி-6-இல் ஒரு குதிரை, இ-3-இல் இன்னொரு குதிரை, பி-2-இல் ராணி. பி-2-இலிருந்து எச்-8 வரை செல்லும் நீண்ட மூலைவிட்டம் முழுவதும் தடையின்றித் திறந்து கிடக்கிறது.

டி-6 குதிரையால் எஃப்-7 யானையை நேராக வெட்டலாம் என்பது யார் கண்ணுக்கும் படும். ஆனால் அந்த யானைக்கு ராஜா காவல் என்பதால் குதிரை திரும்ப வெட்டுப்படும். இங்கே தேர்ந்த ஆட்டக்காரரின் சிந்தனை முன்னோக்கி ஓடாமல், விரும்பிய முடிவிலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. எஃப்-7-இல் நிற்கும் குதிரை எந்தெந்தக் கட்டங்களைத் தாக்கும்? ஜி-5-ஐத் தாக்கும்; அங்கே ராணி இருக்கிறது. எச்-8-ஐயும் தாக்கும், அங்கே இப்போது யாருமில்லை. ராஜா மட்டும் ஒரு கட்டம் தள்ளி எச்-8-இல் நின்றிருந்தால், யானையின் காவலும் போயிருக்கும், குதிரை ஒரே வெட்டில் செக்கும் வைத்து ராணியையும் தாக்கியிருக்கும். ஆகவே கேள்வி இவ்வாறு மாறுகிறது: ராஜாவை எச்-8-க்கு இழுக்க வழி உண்டா? உண்டு. பெட்ரோசியன் தம் முப்பதாவது நகர்வாக ராணியை எச்-8-இலேயே கொண்டுபோய் வைத்துச் செக் சொன்னார். ஜி-7, எஃப்-8 ஆகிய கட்டங்களை அந்த ராணியே அடைத்துவிடுகிறது. எஃப்-7-இலும் எச்-7-இலும் கறுப்பின் சொந்தக் காய்களே வழிமறிக்கின்றன. எனவே ராணியை வெட்டுவதைத் தவிர ராஜாவுக்கு வேறு நகர்வே இல்லை. வெட்டினால், குதிரை எஃப்-7 யானையை வெட்டிச் செக் வைக்கும்; ராஜா நகரும்; குதிரை ஜி-5 ராணியையும் வெட்டும். 9 கொடுத்து 5-உம் 9-உமாக 14 பெற்றதால் நிகர ஆதாயம் 5. அதுவரை காய்க் கணக்கில் சற்றுப் பின்தங்கியிருந்த வெள்ளை, இறுதியில் இரண்டு குதிரைகளோடு நிற்க, கறுப்புக்கு எஞ்சுவது ஓரத்தில் ஒதுங்கிய அந்த ஒற்றைக் குதிரைதான். ஸ்பாஸ்கி ராணியை வெட்டாமலேயே ஆட்டத்தைக் கைவிட்டார். பெட்ரோசியன் போட்டியை 12½–11½ என்ற கணக்கில் வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

இந்த நகர்வின் அழகு ராணியைப் பலி கொடுத்த துணிச்சலில் இருப்பதாகப் பலர் எழுதியிருக்கின்றனர். உண்மையில் அங்குத் துணிச்சலுக்கு இடமே இல்லை. எதிராளிக்கு ஒவ்வொரு படியிலும் இருந்த பதில்கள் எத்தனை என்று எண்ணப்பட்டு, அவை ஒன்றாகச் சுருக்கப்பட்டு, இறுதியில் பலகையில் எஞ்சும் காய்கள் கூட்டிப் பார்க்கப்பட்டன. புதிரின் விடை என்பது முதல் நகர்வின் பெயரன்று, எதிராளி மிகச் சிறப்பாக ஆடிய பிறகும் கையில் மிஞ்சும் காய் எது என்பதே. முதல் நகர்வை மட்டும் ஊகித்து வைத்துவிட்டு, சரியாக இருந்ததும் அடுத்த புதிருக்குத் தாவும் பழக்கம் இன்றைய திரைவழிப் பயிற்சியில் மிக எளிதாக ஒட்டிக்கொள்கிறது. பயிற்சியின் பயனை அது வேரோடு அறுத்துவிடுகிறது.

எதிராளியின் பதிலைத் தேடாததால் விளையும் இழப்பைக் காட்டும், பெட்ரோசியனின் ஆட்டத்துக்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் தொடக்க ஆட்டக்காரர்கள் அறிந்ததே. ராணித்தரப்புச் சிப்பாய்த் திறப்பில் வெள்ளையின் மந்திரி ஜி-5-இல் வந்து நின்று, எஃப்-6-இல் உள்ள கறுப்புக் குதிரையை, அதன் பின்னால் டி-8-இல் நிற்கும் ராணியோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறது. நடுக்கட்டமான டி-5-இல் உள்ள கறுப்புச் சிப்பாய்க்கு அந்தக் குதிரைதான் காவல். குதிரையோ பின்-இல் கட்டுண்டது. ஆகவே சிப்பாய் இலவசம் என்று கணக்கிட்டு வெள்ளை தன் குதிரையால் அதை வெட்டுகிறது. ஆனால் ராஜாவுக்கு முன்னால் உள்ள பின் மட்டுமே காயை விதிப்படி அசைய முடியாமல் செய்வது. ராணிக்கு முன்னால் உள்ளது, விலை கொடுத்தால் உடைக்கக்கூடிய கட்டு. கறுப்பு அந்த விலையைக் கொடுக்கத் தயங்காமல் வெள்ளைக் குதிரையைத் தன் குதிரையால் வெட்டுகிறது. வெள்ளை மந்திரி மகிழ்ந்து ராணியை வெட்டுகிறது. அந்த மந்திரியை ராஜா உடனே திரும்ப வெட்டாமல், தன் மந்திரியை பி-4-க்கு நகர்த்திச் செக் வைக்கிறது கறுப்பு. வெட்டுக்கும் திருப்பி வெட்டுக்கும் நடுவே நுழைக்கப்படும் இத்தகைய செக்குக்கு இடை நகர்வு என்று பெயர். கணக்குகள் பிசகுவது பெரும்பாலும் இதனால்தான். வெள்ளை ராஜாவுக்கு ஓடக் கட்டமில்லை. இடையில் வைக்கக் கிடைப்பது ராணி ஒன்றே. ராணி டி-2-இல் விழுகிறது, மந்திரியும் ராஜாவும் அடுத்தடுத்து வெட்டிக்கொள்கின்றன, கடைசியில் டி-8-இல் தங்கிவிட்ட வெள்ளை மந்திரியையும் கறுப்பு ராஜா வெட்டிவிடுகிறது. ஒரு சிப்பாயை ஆதாயமாக எண்ணிப் போனவர் அதற்கு ஈடாக ஒரு முழுக் குதிரையை இழந்து நிற்கிறார். பேராசையால் வந்த இழப்பு என்று இதைச் சொல்வது பொருந்தாது; கணக்கை எதிராளியின் நகர்வில் முடிக்காமல் தன் வெட்டில் முடித்துக்கொண்டதால் வந்த இழப்பு இது.

புதிர்ப் பயிற்சி மனத்தில் என்ன செய்கிறது என்பதை உளவியல் ஓரளவு விளக்கியிருக்கிறது. நெதர்லாந்தின் ஆட்டக்காரரும் உளவியலாளருமான அட்ரியான் டி குரூட் 1946-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய ஆட்டக்காரர்கள் சாதாரண ஆட்டக்காரர்களைவிட எண்ணற்ற நகர்வுகள் ஆழமாகக் கணக்கிடுவதில்லை என்றும், நல்ல நகர்வு அவர்களுக்கு முதற்பார்வையிலேயே தென்பட்டுவிடுகிறது என்றும் காட்டினார். பின்னர் 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகிய இருவரும் நிலைகளைச் சில வினாடிகள் மட்டும் காட்டி மறைத்து, அவற்றைத் திரும்ப அடுக்கச் சொன்னபோது, உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலைகளில் தேர்ந்தவர்கள் வெகுவாக விஞ்சினர். காய்களைத் தாறுமாறாகப் போட்ட நிலைகளிலோ அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துபோயிற்று. நினைவாற்றல் பொதுவாகப் பெரிதாக இருப்பதில்லை என்பதும், காய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அமையும் கூட்டுவடிவங்களே மனத்தில் சேமிக்கப்படுகின்றன என்பதும் இதிலிருந்து தெளிவாயின. ஆயிரக்கணக்கான புதிர்களைத் தீர்ப்பவர் அந்தக் கூட்டுவடிவங்களைத்தான் திரட்டுகிறார்.

இந்தச் சேமிப்புக்கு ஒரு விலையும் உண்டு, அதைப் பயிற்சியாளர்கள் போதிய அளவு பேசுவதில்லை. மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லாய்ட், ஃபெர்னாண்ட் கோபே ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருக்கும் பழகிய, ராஜாவை முடக்கும் ஓர் உத்தியும், அதைவிடக் குறுகிய, பழக்கமற்ற தீர்வொன்றும் ஒருங்கே அமைந்த நிலையைத் தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் கொடுத்தனர். பழகியதைக் கண்டவர்கள், இன்னும் சிறந்ததைத் தேடிக்கொண்டிருப்பதாகவே சொன்னார்கள். அவர்களது கண்களின் அசைவைப் பதிவு செய்த கருவியோ, பார்வை பழைய தீர்வுக்குரிய கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்ததைக் காட்டியது. குறுகிய தீர்வு மட்டுமே உள்ள நிலையைக் கொடுத்தபோது அதே தரத்தவர்கள் அதைக் கண்டுபிடித்தனர். ஒரு குதிரையை வெல்லும் வழி தெரிந்தவுடன் ராணியை வெல்லும் வழி கண்ணிலிருந்து மறைவதும் இதே காரணத்தாலேயே. நல்ல நகர்வு கிடைத்ததும் கையைப் பலகைக்கு நீட்டாமல், அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற செக்குகளையும் வெட்டுகளையும் ஒருமுறை முழுமையாகப் பார்ப்பதை ஒரு கடமையாகவே கொள்ள வேண்டும். ஆட்டத்தில் நேரம் குறைவு, பயிற்சியில் அந்தச் சாக்கு இல்லை.

தமிழகத்தின் சதுரங்க வரலாற்றிலும் புதிர்களுக்கு உரிய இடம் உண்டு. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரன், 1972-இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகம் அமையக் காரணமாக இருந்தார். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகியது அங்கேதான். பின்னர் தந்தையின் பணி நிமித்தம் குடும்பம் மணிலாவுக்குச் சென்றபோது, அங்குத் தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் வந்த சதுரங்க நிகழ்ச்சியின் புதிரை, ஆனந்த் பள்ளியில் இருந்த வேளையில் அவருடைய தாயார் சுசீலா குறித்து வைப்பார். மாலையில் இருவருமாகத் தீர்த்து விடையை அனுப்புவார்கள். பரிசுப் புத்தகங்கள் தொடர்ந்து ஆனந்துக்கே சென்றதால், வேண்டிய நூல்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்ப வேண்டாம் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டதாக ஆனந்தே பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். விடையைச் சொல்லித் தரும் பொறி அருகில் இல்லாமல், தாளில் குறித்த நிலையொன்றை மாலை முழுதும் வைத்துக்கொண்டு உழைக்கும் வாய்ப்பு அந்தச் சிறுவனுக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் சென்னையின் மற்றொரு சிறுவரான குகேஷைப் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் கணினியின் துணையைத் தவிர்த்தே பயிற்சி தந்தது இந்த வகையில் ஒப்பிட்டு நோக்கத்தக்கது. பொறி உடனே சொல்லிவிடும் விடை, தேடிக் கண்ட விடையைப் போல் மனத்தில் தங்குவதில்லை.

பயிற்சி முறையில் இரண்டு கருத்துகள் முரண்படுகின்றன. எளிய புதிர்களை வேகமாகவும் திரும்பத் திரும்பவும் தீர்க்க வேண்டும் என்போர் ஒரு சாரார். சுவீடனின் ஹான்ஸ் டிக்கனென் ஒரே புதிர்த் தொகுதியை ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிடக் குறைந்த காலத்தில் முடித்துப் பயின்று கிராண்ட்மாஸ்டர் ஆனதும், அவரும் ஆக்ஸல் ஸ்மித்தும் 2018-இல் அம்முறையை நூலாக்கியதும் இவர்களுக்கு ஆதரவு. கடினமான சிலவற்றைக் காய்களைத் தொடாமல் நெடுநேரம் கணக்கிட வேண்டும் என்போர் மற்றொரு சாரார். முன்னது கூட்டுவடிவங்களைச் சேர்க்கிறது, பின்னது எதிராளியின் பதில்களை எண்ணும் பொறுமையை வளர்க்கிறது. பெட்ரோசியனின் நகர்வுக்கு இரண்டுமே தேவைப்பட்டன. ஒன்றைத்தான் கொள்ள முடியும் என்ற நிலையில் உள்ள தொடக்கநிலையினர் பின்னதைக் கொள்வதே நல்லது. வேகம் பின்னால் தானே வரும், பதிலைத் தேடாமல் வேகத்தோடு படிந்த பழக்கத்தை மாற்றுவதோ மிகக் கடினம்.

எந்த முறையில் பயின்றாலும் புதிருக்கு ஒரு குறை உண்டு: அது தன்னைப் புதிர் என்று அறிவித்துக்கொண்டே வருகிறது. ஆட்டத்தில் அந்த அறிவிப்பு இல்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலக வாகையர் போட்டியின் பதினான்காவதும் இறுதியுமான ஆட்டத்தில், குகேஷும் டிங் லிரெனும் 6½–6½ என்று சமநிலையில் இருந்தபோது, வெள்ளைக் காய்களோடு ஆடிய டிங் தம் ஐம்பத்தைந்தாவது நகர்வாக யானையை எஃப்-2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் ஒரு சிப்பாய் மிகுதியாக வைத்திருந்தார். ஆயினும் சரியாக ஆடினால் வெள்ளை அதைச் சமன் செய்யக்கூடிய நிலையே அது. அந்த நகர்வு யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டது. மாற்றியதும் கறுப்பு மந்திரி டி-5-க்கு வந்தால், ஏ-8 மூலையில் கிடந்த வெள்ளை மந்திரி அந்த ஒரே மூலைவிட்டத்தில் சிக்கிக்கொள்ளும். எங்கே நகர்ந்தாலும் தாக்குதலுக்குள்ளேயே இருக்கும். மந்திரிகளும் மாறிவிட்டால் எஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே; அங்கே அந்த ஒரு சிப்பாய் மிகுதி வெற்றியாகிவிடும். புதிர்ப் புத்தகத்தில் அச்சிட்டிருந்தால் பயிற்சி பெற்ற பள்ளிச் சிறுவர்களும் கண்டுவிடக்கூடிய இதை, குகேஷ் முதல் கணத்தில் காணவில்லை. யானையை வேறிடத்துக்கு நகர்த்தவே எண்ணியிருந்ததாக ஆட்டத்துக்குப் பின் அவரே சொன்னார். மூலையில் சிக்கிய மந்திரி கண்ணில் பட்ட பிறகுதான் கணக்கு மாறியது. மூன்று நகர்வுகளில் டிங் ஆட்டத்தைக் கைவிட, பதினெட்டு வயதில் குகேஷ் உலக வாகையரானார்.

புதிர் தன்னை அறிவித்துக்கொள்ளும் இக்குறையை ஈடுசெய்யச் சில பயிற்சியாளர்கள் கையாளும் வழி, புதிர்த் தொகுதியினுள்ளே ஆதாயம் எதுவும் இல்லாத நிலைகளையும் கலந்து வைப்பது. வெள்ளை ஆட வேண்டும் என்பதற்கு மேல் எதுவும் சொல்லப்படுவதில்லை. காய் விழுகிறதா, விழுவதுபோல் தோன்றி எதிராளியின் இடை நகர்வொன்றால் தவறிப்போகிறதா, அமைதியான நகர்வே சிறந்ததா என்பதைத் தீர்ப்பவரே முடிவு செய்து, கடைசி வரையிலான நகர்வுகளையும் எஞ்சும் காய்களையும் தாளில் எழுதித் தர வேண்டும். இத்தகைய தொகுதியில் மதிப்பெண் குறைவது இயல்பே. அங்கே தவறிய நிலைகளைத் தனிக் குறிப்பேட்டில் வரைந்து, எந்தக் காயின் காவல் கணக்கில் விடுபட்டது என்பதை ஒரே வரியில் அடியில் எழுதி, சில வாரங்கள் கழித்து விடையைப் பாராமல் மீண்டும் தீர்த்துப் பார்ப்பதே அடுத்த படி.